எஃகுக்கும் வேண்டும் ஒரு பொதுமொழி

1981-ஆம் ஆண்டு ஜூலை 17. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி நகரில் உள்ள ஹயாத் ரீஜன்சி விடுதியின் முற்றக்கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளால் தொங்கவிடப்பட்டிருந்த இரு நடைபாலங்கள் திடீரென அறுந்து விழுந்தன. 114 பேர் உயிரிழந்தனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

விபத்தை அந்நாட்டின் தேசியத் தரநிர்ணயப் பணியகம் ஆராய்ந்தது. வடிவமைப்புப் பொறியாளரின் வரைபடத்தில், நான்காம் தளத்து நடைபாலமும் அதற்கு நேர் கீழே இருந்த இரண்டாம் தளத்து நடைபாலமும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பிகளில் தொங்கின. எஃகைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பட்டறை வரைபடத்திலோ அந்த நீளக் கம்பி இரண்டு தனித்தனிக் கம்பிகளாக மாறியிருந்தது. மேல்பாலம் கூரையிலிருந்தும், கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்தும் தொங்கின. இதனால் மேல்பாலத்து உத்திரத்தின் இணைப்பு தாங்க வேண்டிய சுமை இரு மடங்கானது. மூல வடிவமைப்பே நகரின் கட்டட விதிகள் கோரிய வலிமைக்குக் குறைவாகத்தான் இருந்தது. இந்த மாற்றம் இருந்த வலிமையையும் பாதியாக்கியது.

மாற்றத்துக்குத் தொலைபேசியில் ஒப்புதல் பெற்றோம் என்றது ஒரு தரப்பு. அப்படி ஓர் அழைப்பு வரவே இல்லை என்றது மறு தரப்பு. பட்டறை வரைபடத்தில் பொறியியல் நிறுவனத்தின் முத்திரை இருந்தது. அந்த இணைப்பின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்த்தவர் எவரும் இல்லை. பொறியாளர்கள் இருவர் தொழில் உரிமத்தை இழந்தனர்.

அந்த எஃகில் குறை ஏதும் இல்லை. வடிவமைப்பவரிடமிருந்து செய்பவருக்குச் செய்தி சென்று சேர்ந்த வழியில்தான் குறை நேர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வழி இன்னும் முழுமையாகச் செப்பனிடப்படவில்லை என்பதுதான் நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தி.

இன்று காகித வரைபடத்தின் இடத்தைக் கணினி மாதிரி பெருமளவு பிடித்துவிட்டது. விமான நிலையக் கூரை, மின்நிலையக் கொதிகலன் தாங்கி, ரயில்வே பாலம் என எதுவானாலும், ஒரு டன் எஃகு வெட்டப்படுவதற்கு முன்பே அது கணினித் திரையில் முழுமையாக எழுப்பப்பட்டுவிடுகிறது. ஆனால், எல்லாவற்றையும் செய்யும் ஒரே மென்பொருள் இல்லை. கட்டடக்கலைஞர் ஒன்றைப் பயன்படுத்துகிறார்; சுமையையும் வலிமையையும் கணக்கிடும் பொறியாளர் ஸ்டாட் போன்ற வேறொன்றை நாடுகிறார்; ஒவ்வொரு போல்ட்டையும் துளையையும் காட்டும் விவர மாதிரி டெக்லா போன்ற மற்றொன்றில் உருவாகிறது; பட்டறையின் தானியங்கி இயந்திரம் இன்னொரு வகைக் கோப்பை எதிர்பார்க்கிறது.

இந்தச் சங்கிலியில் தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழும் பல கட்டடங்களின் எஃகு விவர மாதிரிகள் சென்னை, கோவை போன்ற நகரங்களின் அலுவலகங்களில் தயாராகின்றன. அங்கே பணிபுரியும் இளைஞர்களின் நேரத்தில் கணிசமான பகுதி, வேறொருவர் ஏற்கெனவே கணினியில் செய்து முடித்த வேலையை மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்வதில் கழிகிறது.

ஏன் இந்த நிலை? ஓர் எஃகு உத்திரத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கிடும் பொறியாளருக்கு அது இரு புள்ளிகளை இணைக்கும் ஒரு கோடு. அதன் முனைகள் சுழலக்கூடியவையா, இறுகப் பிணைக்கப்பட்டவையா என்பதும், அதன்மீது எவ்வளவு சுமை என்பதும் அவருக்கு முக்கியம். விவர மாதிரி அமைப்பவருக்கு அது கன அளவுள்ள பொருள். தூணின் முகத்தில் அது எங்கே முடிய வேண்டும், முனை எப்படி வெட்டப்பட வேண்டும், எத்தனை போல்ட் என்பவை அவருடைய கேள்விகள். பட்டறைக்கு அது எண்ணிட்ட ஒரு துண்டு. தளத்தில் நிறுத்துபவருக்கு அது பாரந்தூக்கி எந்த வரிசையில் தூக்க வேண்டும் என்ற கேள்வி. பொருள் ஒன்று, அதைப் பற்றிய விவரிப்புகள் நான்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது, பெறும் மென்பொருளின் விவரிப்பில் இடமில்லாத செய்தி உதிர்ந்துவிடுகிறது.

பெயர்களிலும் குழப்பம் உண்டு. இந்தியாவில் ஒரே உத்திரத்தை ஒருவர் ஐ.எஸ்.எம்.பி. 300 என்பார், மற்றொருவர் எம்.பி. 300 என்பார். அமெரிக்கர் அங்குலத்திலும் பவுண்டிலும் டபிள்யூ 12x26 என்று குறிப்பது, மெட்ரிக் பட்டியலில் டபிள்யூ 310x38.7 ஆகிறது. மனிதருக்கு இரண்டும் ஒன்று எனத் தெரியும். கணினிக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால்தான் தெரியும். சொல்லிக்கொடுக்காத இடத்தில் அது உறுப்பையே விட்டுவிடலாம். அல்லது தன் பட்டியலில் உள்ள வேறொன்றை அந்த இடத்தில் வைத்துவிடலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இத்தகைய சிக்கல் புதிதன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வோர் எழுத்துருக் குறியீட்டைக் கையாண்ட காலம் இருந்தது. டிஸ்கி, டாம், டாப் எனத் தரங்களே பலவாக இருந்தன. ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்த கட்டுரையை மற்றோர் அலுவலகத்தில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அந்தத் துன்பம் படிப்படியாக மறைந்தது.

ஆனால், முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. எழுத்துரு பிழைத்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். எஃகு மாதிரியில் அப்படி இல்லை. திரையில் கட்டடம் அழகாக, முழுமையாக நிற்கும். ஒரு முனை இணைப்பின் தன்மை மாறியிருப்பதோ, எஃகின் தரம் விடுபட்டிருப்பதோ, ஓர் எல்-வடிவக் கோணம் திரும்பி நிற்பதோ கண்ணுக்குப் புலப்படாது. திருத்தங்கள் வரும்போது ஆபத்து இன்னும் கூடும். பொறியாளர் ஐயாயிரம் உறுப்புகளில் பன்னிரண்டை மட்டும் மாற்றி மாதிரியை மீண்டும் அனுப்புகிறார் எனக் கொள்வோம். ஒவ்வோர் உறுப்புக்கும் மாறாத அடையாள எண் இருந்து, அதை எல்லா மென்பொருள்களும் காப்பாற்றினால் மட்டுமே அந்தப் பன்னிரண்டு எவை எனப் பெறுபவர் அறிய முடியும். இல்லையேல், கான்சஸ் சிட்டியில் நடந்ததுபோல, யார் எதை மாற்றினார், யார் ஒப்புக்கொண்டார் என்ற கேள்வி விபத்துக்குப் பிறகுதான் எழும்.

இதற்குத் தீர்வு காண முயற்சிகள் நடக்காமல் இல்லை. பட்டறை இயந்திரங்களுக்காக ஜெர்மனியின் எஃகுக் கட்டுமானச் சங்கம் வகுத்த டி.எஸ்.டி.வி. கோப்பு வடிவம் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. ஆலை வடிவமைப்புத் துறையில் எஸ்.டி.என்.எஃப். என்ற எளிய கோப்பு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டு ஆராய்ச்சித் திட்டமொன்றில், பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் முக்கியப் பங்களிப்புடன் சி.ஐ.எஸ்.-2 என்ற தரநிலை பிறந்தது. கணக்கீடு, வடிவமைப்பு, உற்பத்தி ஆகிய மூன்று நோக்குகளுக்கும் அதில் தனித்தனி இடம் இருந்தது. மூன்றையும் இணைக்கும் வழியும் இருந்தது. அமெரிக்க எஃகுக் கட்டுமானக் கழகம் அதைத் தன் துறையின் தரநிலையாக ஏற்றது. எஃகு என்ற ஒரு பொருளுக்கு அது மிக நுட்பமான மொழி. ஆனால், கட்டடம் எஃகால் மட்டும் ஆனதில்லையே. கான்கிரீட், குழாய், மின்கம்பி என அனைத்தையும் பேசக்கூடிய ஐ.எஃப்.சி. என்ற பொதுவடிவம் வளர்ந்தபோது, துறையின் கவனம் அதன் பக்கம் திரும்பியது. 2013-இல் ஐ.எஃப்.சி. முழுமையான பன்னாட்டுத் தரநிலையானது. 2024-இல் வெளியான பதிப்பு சாலை, ரயில்பாதை, பாலம், துறைமுகம் ஆகியவற்றுக்கும் விரிந்தது.

ஆக, பொதுமொழி இருக்கிறது. அதைப் பேச வேண்டிய கட்டாயம்தான் பலருக்கு இல்லை.

மென்பொருள் நிறுவனத்தின் நிலையிலிருந்து பாருங்கள். தன் கோப்பு பிறர் மென்பொருளில் குறையின்றித் திறந்தால் வாடிக்கையாளர் எளிதில் வெளியேற முடியும். எனவே, பொதுவடிவத்தை ஏற்றுக்கொண்டதாக விளம்பரம் செய்யவும், அதில் அதிக உழைப்பைச் செலுத்தாமல் விடவும் அதற்குக் காரணம் உண்டு. வடிவமைக்கும் பொறியாளருக்கும் தயக்கம் உண்டு. மாதிரியைக் கொடுத்தால் அதிலுள்ள பிழைக்குத் தானே பொறுப்பாக நேரும் என அஞ்சுகிறார். ஆகவே, 'தகவலுக்காக மட்டும்' என்ற குறிப்புடன் அனுப்புகிறார். ஒப்பந்த ஆவணமாக வரைபடத்தையே வைத்துக்கொள்கிறார். நம்ப முடியாத மாதிரியைப் பெற்றவர், வரைபடத்தைப் பார்த்து மீண்டும் புதிதாக மாதிரி எழுப்புகிறார்.

இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? கான்சஸ் சிட்டி விபத்தை ஆராய்ந்த அதே பணியகம், பின்னாளில் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. அது 2004-இல் வெளியிட்ட ஆய்வு, கட்டுமானத் துறையின் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச முடியாததால் அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டில் மட்டும் 1,580 கோடி டாலர் வீணானதாக மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களின் உரிமையாளர்கள், இயக்குபவர்கள் தலையில் விழுந்தது. மென்பொருளைத் தேர்ந்தெடுக்காதவர்கள், கோப்பைத் திறந்தே பாராதவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பொதுப்பணிகளில் அந்த உரிமையாளர் யார்? வரி செலுத்தும் மக்கள்.

பொதுவடிவம் எல்லா வேலைக்கும் உகந்ததன்று என்ற எதிர்வாதத்தில் உண்மை உண்டு. ஐ.எஃப்.சி. வழியே வரும் உத்திரம் பல நேரங்களில் பார்க்கக்கூடியதாக இருக்கும், திருத்தக்கூடியதாக இராது. இரு மென்பொருள்களுக்கு இடையே நேரடி இணைப்பு அமைத்தால் அதைவிடச் செம்மையாகச் செய்தி கடக்கிறது. ஆனால், பத்து மென்பொருள்கள் தமக்குள் நேரடியாகப் பேச வேண்டுமானால் 90 மொழிபெயர்ப்பிகள் வேண்டும். பொதுமொழி ஒன்று இருந்தால், உள்ளே வர ஒன்று, வெளியே செல்ல ஒன்று என 20 போதும். நேரடி இணைப்பின் ஆயுள் இரு நிறுவனங்களின் நட்பைப் பொறுத்தது. நிறுவனங்களோ கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பின்லாந்தில் பிறந்த டெக்லா 2011-இல் அமெரிக்காவின் டிரிம்பிள் வசம் சென்றது. ரெவிட்டை 2002-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. ஒரு பாலம் நூறாண்டு நிற்கக் கட்டப்படுகிறது. அதன் மாதிரி, சந்தா கட்டினால் மட்டுமே திறக்கும் ஒரு கோப்பில் அடைபட்டிருக்கலாமா?

எனவே, இந்த முடிச்சை அவிழ்க்கும் ஆற்றல் பணம் கொடுப்பவரிடம்தான் இருக்கிறது. பின்லாந்தில் அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் நிறுவனம் 2007-லேயே தன் திட்டங்களில் ஐ.எஃப்.சி. மாதிரியைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர், கட்டட அனுமதிக்கான தன் கோரெனெட்-எக்ஸ் அமைப்பில், உள்ளூர் விதிகளுக்கேற்ப வகுத்த ஐ.எஃப்.சி. வடிவத்தையே கேட்கிறது. அமெரிக்க எஃகுக் கழகத்தின் 2016-ஆம் ஆண்டு நடைமுறை விதித்தொகுப்பு, வரைபடத்துக்கு இணையான இடத்தை மாதிரிக்கும் தந்தது. பொறுப்பு தெளிவாக எழுதப்பட்டால் 'தகவலுக்காக மட்டும்' என்ற திரைக்குத் தேவை குறையும்.

இந்தியாவுக்கும் இதில் தொடக்கப்புள்ளி உண்டு. மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை மத்திய அரசு 2010-லேயே அறிவித்தது. அதன் உள்ளக்கருத்தைப் பொதுப்பணிகளின் மாதிரிகளுக்கும் விரிவாக்குவது கடினமானதன்று. ஒப்பந்தப்புள்ளியிலேயே மூன்று நிபந்தனைகள் இடம்பெற வேண்டும். முதலாவது, பாலமோ மருத்துவமனையோ எதுவாயினும், மூலக்கோப்புடன் திறந்த வடிவிலான மாதிரியும் ஒப்படைக்கப்பட வேண்டும். இரண்டாவது, எந்தக் கட்டத்தில் எந்தச் செய்தி மாதிரியில் இருக்க வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் சோதனை நடக்க வேண்டும். அனுப்பியவரின் மாதிரியில் மொத்த எடை எவ்வளவு, உறுப்புகள் எத்தனை, மாறியவை எவை எனக் கேட்டு, பெற்றவரின் மாதிரியோடு ஒப்பிடுவதற்குப் பெரும் செலவு ஆகாது. எடையில் சில டன் வேறுபாடு தெரிந்தால் அங்கே ஏதோ உதிர்ந்திருக்கிறது என்று பொருள்.

இது சிறு பட்டறைகளுக்கும் நன்மை தரும். ஒவ்வோர் ஒப்பந்ததாரருக்கும் ஏற்ப ஐந்து மென்பொருள்களுக்கு உரிமம் வாங்கும் வசதி அவற்றுக்கு இல்லை. பொதுவடிவம் உறுதியானால் அவை தகுதியின் அடிப்படையில் போட்டியிட முடியும்.

எந்தக் கோப்பு வடிவமும் கவனமின்மைக்கு மாற்றாகாது. கான்சஸ் சிட்டியில் ஐ.எஃப்.சி. இருந்திருந்தாலும், அந்த இணைப்பை ஒருவர் கணக்கிட்டுப் பார்த்திருந்தால்தான் 114 பேர் பிழைத்திருப்பார்கள். ஆனால், என்ன மாறியது என்பதைத் தெளிவாகக் காட்டும் ஒரு வழி இருந்திருந்தால், கணக்கிட வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கேனும் தோன்றியிருக்கக்கூடும். அந்த வாய்ப்பை ஒவ்வொரு கட்டுமானத்திலும் உறுதிசெய்வது, மக்கள் பணத்தில் கட்டுபவர்களின் கடமை.