செலவை முன்பே எழுதிக் கொடுக்கட்டும்



தாம்பரத்தைச் சுற்றி எங்கு திரும்பினாலும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைதான். முதலில் பேசும்போது ஒரு தொகை சொல்கிறார்கள். சேர்ந்தபின் ஹார்மோன் ஊசி, மயக்க மருந்து, கருவை உறைய வைக்கும் கட்டணம் என்று பில் நீள்கிறது. நகையை அடகு வைத்த பிறகும் அடுத்த ஊசிக்குப் பணம் புரட்ட அலையும் தம்பதிகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பெரும்பாலான காப்பீட்டு பாலிசிகள் இந்தச் சிகிச்சையை ஏற்பதில்லை.

செலவு, வெற்றி வாய்ப்பு, பக்கவிளைவு எல்லாவற்றையும் தம்பதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது. வாய்ப்பேச்சு போதாது. ஊசி, மருந்து உட்பட மொத்தச் செலவையும் எழுத்தில் தரும்படி சுகாதாரத் துறை கண்டிப்புடன் உத்தரவிட வேண்டும்.

எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் வந்திருப்பது ஏழைகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஊசி போடும் நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். வண்டலூரில் கூலி வேலை பார்க்கும் பெண் ஒவ்வொரு முறையும் மின்சார ரயில் ஏறிப் போனால் அன்றைய சம்பளம் போயிற்று. ஊசியையும் ஸ்கேனையும் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிட்டு, கருமுட்டை எடுக்கவும் கருவைச் செலுத்தவும் மட்டும் எழும்பூருக்கு அனுப்பச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாசகி ஒருவர்,
சேலையூர்