முறையிட வரும் கணவனை யார் கேட்பது?

கணவனின் கொடுமை குறித்து ஒரு பெண் ஜமாஅத்தில் மனுக் கொடுத்தால், குறைகள் பல இருப்பினும், அடுத்து நடக்க வேண்டியது என்ன என்பது நிர்வாகிகளுக்குத் தெரியும். மனுவைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள்; கணவனுக்கு ஆள் அனுப்புவார்கள்; இரு குடும்பத்தாரையும் அமர வைத்துப் பேசுவார்கள். அதே இடத்தில் ஒரு கணவன் வந்து, "என் மனைவி என்னை அடிக்கிறாள்" என்று சொன்னால் என்ன நடக்கிறது? முதலில் ஒரு புன்னகை. அடுத்து, "ஒரு பெண்ணை அடக்கத் தெரியாதா உனக்கு?" என்ற கேள்வி. அதன்பின் அவர் அந்தப் படியை மிதிப்பதில்லை.

இந்தப் புன்னகை மார்க்கம் கற்றுத் தந்ததன்று. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர்களின் அழகையும் பொறுமையையும் வியந்து பேசும் பயான்களுக்குக் குறைவில்லை. ஆனால், அதிகாரம் கொண்ட ஒரு பெண்ணால் தாழிட்ட கதவுகளுக்குள் நெருக்கடிக்கு ஆளான ஓர் ஆணின் வரலாறும் அதுவே. தப்பியோடியவர் மீதே பழி சுமத்தப்பட்டது. அங்கே உண்மை வெளிப்பட்ட விதம் நம் ஜமாஅத்துகள் கவனிக்க வேண்டியது. சாட்சியம் சொன்னவர் அப்பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்தவர். சொல்வது ஆணா, பெண்ணா என்று அவர் பார்க்கவில்லை. சட்டை கிழிந்திருப்பது முன்புறமா, பின்புறமா என்று பார்க்கச் சொன்னார். பின்புறம் கிழிந்திருந்தது. உண்மை தெளிவான பிறகும் சிறைக்குச் சென்றவர் யூசுஃப் (அலை) அவர்களே என்பதையும் மறக்க வேண்டாம்.

பெண்கள் படும் துயரை மறைக்கவா இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான திருமணமான பெண்களில் 100க்கு ஏறத்தாழ 29 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். தமிழ்நாட்டில் இந்த விகிதம் இன்னும் அதிகம். கணவன் அடிக்காதபோதும் தாமே கைநீட்டியதாகக் கூறிய பெண்கள் 100க்கு சுமார் 4 பேர். இரண்டும் ஒரே அளவு என்று சொல்ல எவருக்கும் இடமில்லை. எனினும் அந்த 4 பேரின் வீட்டிலும் ஒரு கணவன் இருக்கிறார். அவரிடம் அந்த ஆய்வு எதுவும் கேட்கவில்லை.

எது துன்புறுத்தல் என்பதில் தெளிவு வேண்டும். மனைவி ஜீவனாம்சம் கேட்பது துன்புறுத்தல் ஆகாது. மாமியாருடன் ஒரே அடுப்படியில் இருக்க மாட்டேன் என்பதும் ஆகாது. தனி வசிப்பிடம் அவளுடைய உரிமை என்றே ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. (இதையெல்லாம் "கொடுமை" என்று மனு எழுதி வரும் கணவன்மார்களும் உண்டு.) அடிப்பதும் சூடு வைப்பதும் வேறு. கேட்டது கிடைக்காவிட்டால் உயிரை மாய்த்துக்கொண்டு உன்னைச் சிறைக்கு அனுப்புவேன் என்று நாள்தோறும் மிரட்டுவது வேறு. வளைகுடாவில் உழைப்பவரின் சம்பளம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, அவர் தாய்க்குப் பணம் அனுப்பினார் என்பதற்காக மாதக் கணக்கில் பிள்ளைகளைத் தொலைபேசியில்கூடக் காட்டாதிருப்பதும் அவ்வகையைச் சேர்ந்ததே.

ஆண்கள் ஏன் வாய் திறப்பதில்லை? இது நம் ஊர் ஆண்களின் குணம் மட்டுமன்று. இங்கிலாந்தில், இணையரை ஒடுக்கிக் கட்டுப்படுத்துவதை ஆண், பெண் பேதமின்றிக் குற்றமாக்கிய சட்டம் 2015இல் வந்தது. அதன்கீழ் ஒரு பெண் முதன்முறையாகத் தண்டிக்கப்பட்டது 2018இல், லூட்டன் நகர நீதிமன்றத்தில். ஏழரை ஆண்டுச் சிறை. பாதிக்கப்பட்ட இளைஞரின் உடலில் கத்திக் காயங்களும் வெந்நீர்க் காயங்களும் இருந்தன. உணவு மறுக்கப்பட்டது, குடும்பத்தாரிடமிருந்து பிரிக்கப்பட்டார். காவலர்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தபோதும் அவர் முதலில் உண்மையை மறைத்தார். காவலர்கள் விடாமல் கேட்டதால்தான் உயிர் பிழைத்தார்.

நம் நாட்டுச் சட்டம் இங்கே அதிகம் உதவாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கோரும் உரிமை பெண்களுக்கு மட்டுமே உண்டு. காயப்படுத்துதல், மிரட்டுதல் ஆகியவற்றுக்கான பொதுச் சட்டப் பிரிவுகள் ஆணுக்கும் பொருந்தும். மருத்துவமனையில் காயத்தைப் பதிந்து வைத்தால் அது பின்னர் உதவும். ஆனால் காவல் நிலையத்திலும் அதே புன்னகை காத்திருக்கிறது. ஆகவே ஜமாஅத்தின் பொறுப்பு கூடுகிறது.

அங்கே அவருக்குக் கிடைக்கும் அறிவுரைகளோ பெரும்பாலும் இரண்டு. ஒன்று, "தலாக் சொல்லிவிட்டுப் போ." பிள்ளைகளை விட்டு எங்கே போவது? ஆத்திரத்தில் முத்தலாக்கை ஒரே மூச்சில் சொன்னால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அது செல்லாது என்பதோடு, 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. இரண்டாவது, "திருப்பி ஒன்று கொடு." இதைவிடக் கேடான ஆலோசனை இல்லை. நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் தம் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அடி வாங்கி வந்தவரை அடிப்பவராக்கி அனுப்புவது எந்த வகைத் தீர்ப்பு?

அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் காட்டும் வழி இருக்கிறது: அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவர், அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவர். மனுக் கொடுத்தவர் கணவனாக இருந்தால் இது பொருந்தாது என்று எவரும் சொன்னதில்லை. கணவனின் மனுவும் நாள் குறிப்பிட்டுப் பதிவேட்டில் ஏற வேண்டும். விசாரணை ஊர் கூடிய சபையில் வேண்டாம், தனியறை போதும். நடுவர்கள் மனைவியையும் தனியாகச் சந்திக்கட்டும். உண்மையில் அடிப்பவன் கணவனே என்பது அப்போது தெரியவரலாம். மகப்பேற்றுக்குப் பின் வந்த மனநோய் கவனிக்கப்படாமல் கிடப்பதும் தெரியவரலாம்; அது மருத்துவரிடம் போக வேண்டியது. அரசின் டெலி மானஸ் எண்ணான 14416ஐ இருவரில் யார் வேண்டுமானாலும் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

இமாம்களிடம் ஒரு வேண்டுகோள். இஷா தொழுகை முடிந்து விளக்குகளை அணைக்கும் நேரத்திலும் வீடு திரும்ப மனமின்றித் தூணில் சாய்ந்திருப்பவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களை வணக்கசாலிகள் என்று மட்டும் எண்ணிவிடாமல், "வீட்டில் எல்லாரும் நலமா?" என்று தனியாக ஒருமுறை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.