ஆளில்லாத் தீவு என்று ஒன்று இல்லை



“தனித்தீவு விற்பனைக்கு. வெண்மணற் கரை, தெளிந்த கடல், அபிவிருத்திக்கு உகந்தது.” காசுள்ளவர்களுக்காக உலகெங்கும் இப்படி விளம்பரங்கள் வருகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றியுள்ள தீவுகளையும் இதே கண்ணோடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். லயன் காம்பராவில் குடியிருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

அந்த விளம்பரங்களில் ஊர்ச்சனத்துக்கு இடமே இருக்காது. குடாநாட்டுக்குத் தெற்கே, பூநகரிக் கடலில் உள்ள இரணைதீவைப் பாருங்கள். 1992 இல் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். தீவு கடற்படையின் கைக்குப் போனது. போர் முடிந்த பிறகும் அவர்களைத் திரும்பிப் போக விடவில்லை. 2017 மே தினத்தன்று அந்த மக்கள் போராட்டம் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் இருந்து பார்த்தார்கள். 2018 ஏப்ரல் 23 அன்று, வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் தாங்களே போய் இறங்கினார்கள். கால் நூற்றாண்டு வெறுமையாகக் கிடந்த அந்தத் தீவு ஆளில்லாத் தீவு அல்ல. ஆள் திரும்ப முடியாமல் தடுக்கப்பட்ட தீவு.

வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடை போடுகிறது. ஆனால் 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். மூன்று தலைமுறைக்குக் கைமாறும் காணியை விற்பனை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? கற்பிட்டியில் 14 தீவுகளைச் சுற்றுலாத் திட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, கரையும் கடலும் பறிபோகும் என்று மீனவர்கள் எதிர்த்தது சும்மா அல்ல.

இந்தக் கதை நமக்குப் பழையது. 1840 இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் கொண்டுவந்தான். காடும் தரிசும், உரித்தை நிரூபிக்க முடியாத காணியும் முடிக்குச் சொந்தம் என்றான். ஏக்கர் 5 சிலிங்குக்குத் துரைமார் வாங்கினார்கள். கண்டிக் கிராமத்தவன் மேய்ச்சல் நிலத்தை இழந்தான்; நம் முன்னோர் அங்கே கூலிகளாக இறக்கப்பட்டார்கள்.

அந்த வழியில் வந்ததுதான் 1931 காணி நிர்ணயச் சட்டம். அதன் கீழ் 2025 மார்ச் 28 அன்று வந்த வர்த்தமானி, வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணி என்றது. போரில் உறுதியைத் தொலைத்தவர்களும், கடல் கடந்து போனவர்களும் எதைக் காட்டுவார்கள்? ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஆனால் சட்டம் இன்னும் இருக்கிறது.

“முதலீடு வந்தால் வேலை வருமே” என்பார்கள். நமக்கும் வேலை வந்தது. இருநூறு வருடமாகத் தோட்டங்களில் உழைக்கிறோம். 1992 இல் தோட்டங்கள் 22 கம்பனிகளின் கைக்குப் போயின. பின்னர் 53 வருடக் குத்தகையும் எழுதிக் கொடுத்தார்கள். கம்பனிக்கு மலை கிடைத்தது. நமக்கு ஏழு பேர்ச்சஸுக்கே இன்னும் மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வேலை மட்டும் கிடைத்து, காணி கிடைக்காதவர்களின் கதி என்னவென்று தீவு மக்கள் நம்மைப் பார்த்தாலே போதும்.

வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போன நம் உறவுகளும் அந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். ஆகவே நாம் கேட்கிறோம்: தீவுகளில் முதல் உரிமை அங்கே வாழ்ந்த மக்களுக்கே. அவர்கள் சம்மதமின்றி எந்தக் குத்தகையும் கூடாது. தோட்டக் குத்தகைகளைப் புதுப்பிப்பது பற்றிப் பேசுமுன், நாம் குடியிருக்கும் காணி நம் பெயரில் உறுதியாக வேண்டும்.

கடலோரத்தில் அவர்கள் கேட்பதும் மலையில் நாம் கேட்பதும் ஒன்றே. சேர்ந்து கேட்போம்.