ஊதியம் பெற்றவன் உரிமை இழந்தவனா?
தொழில்முறை றக்பி வீரனின் நிலை குறித்து

“விரும்பி ஏற்ற தொழில், கைநிறையப் பெற்ற ஊதியம், பின்னர் முறையீடு எதற்கு?” தலையிற்பட்ட அடிகளால் நோயுற்றதாகக் கூறும் றக்பி வீரர்களை நோக்கி இவ்வாறு வினவுவோர் உளர். இவ்வினா நியாயமானதுபோலத் தோன்றினும், அவ்விளையாட்டின் வரலாற்றுமுன் நிலைபெறாது.

றக்பி யூனியனை நிருவகித்தோர் ஒரு நூற்றாண்டுக் காலம் வீரனுக்கு ஊதியம் வழங்க மறுத்தவர்களாவர். வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் சனிக்கிழமை ஆட்டத்தால் தாம் இழந்த கூலிக்கு ஈடு வேண்டினர். 1893 இல் இங்கிலாந்து றக்பி சங்கம் அக்கோரிக்கையை நிராகரித்தது. 1895 இல் ஹடர்ஸ்பீல்ட் நகரிற் கூடிய வடபகுதிக் கழகங்கள் பிரிந்து சென்றன. பின்னாளில் ‘றக்பி லீக்’ எனப்பட்ட ஆட்டம் அப்பிரிவின் விளைவே. பணம் விளையாட்டின் தூய்மையைக் கெடுத்துவிடும் என்பது சங்கத்தாரின் வாதம். உழைக்காமலே உண்ணக்கூடியவருக்கு அத்தூய்மை எளிது. சுரங்கத் தொழிலாளிக்கோ அது ஒருநாட் பட்டினி.

தொலைக்காட்சிப் பணம் பெருகிய 1995 இல், அதே றக்பி யூனியன் தொழில்முறையை ஏற்றுக்கொண்டது. வீரன் முழுநேர ஊழியனானான். அவனது உடலின் கனமும் வேகமும் பெருகின. மோதலின் வலுவும் பெருகிற்று. ஆட்டநாளில் மட்டுமன்றிப் பயிற்சி நாள்களிலும் மோதுவது அவனது தொழிலாயிற்று. ஆயின், ஊழியனுக்குரிய பாதுகாப்பும் அதே வேகத்தில் வளர்ந்ததா?

ஸ்ரீவ் தொம்சனின் வாழ்வே இதற்கு விடை. முன்வரிசையின் நடுவில் நின்று எதிரணியின் பாரத்தைத் தாங்கும் ‘ஹூக்கர்’ அவர். 2003 இல் சிட்னியில் அவுஸ்திரேலியாவை 20–17 என்ற புள்ளிகளால் வென்று உலகக் கிண்ணத்தைப் பெற்ற இங்கிலாந்து அணியில் ஆடினார். 2007 இல் கழுத்துக் காயத்தால் ஓய்வுபெற்று, மீண்டு வந்து, 2011 வரை களத்தில் நின்றார். 2020 இல், தமது 42 ஆவது வயதில், அறிவாற்றல் சிதையும் நோய் தம்மைப் பற்றியுள்ளதென அறிவித்தார். அக்கிண்ணத்தை வென்றது தமக்கு நினைவில்லை என்றும் கூறினார். அவரும் வேறு வீரர்களும் விளையாட்டு நிருவாகங்களுக்கெதிராகச் சட்ட நடவடிக்கையில் இறங்கினர்.

“விரும்பி ஏற்றார்” என்போர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஆபத்தை அறியாதவன் அளித்த சம்மதம் சம்மதமாகாது. தொடர்ந்து தலையில் அடிபடும் குத்துச்சண்டை வீரரின் மூளை பாதிக்கப்படுவதை மருத்துவம் 1928 இலேயே பதிவுசெய்தது. ஆனால், முழுவேக மோதற் பயிற்சியை வாரத்திற்குப் பதினைந்து நிமிடமாகக் குறைக்குமாறு உலக றக்பி நிருவாகம் கூறியது 2021 இலேயே. அதுவும் கட்டளையன்று, பரிந்துரையே.

ஊதியமாவது உறுதியானதா? 2022 இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ் ஆகிய கழகங்கள் கடனில் மூழ்கியபொழுது அவற்றின் வீரர்கள் ஒரே பருவகாலத்தில் வேலையிழந்தனர்.

அன்று தூய்மையின் பேரால் கூலி மறுக்கப்பட்டது. இன்று கூலியின் பேரால் பொறுப்பு மறுக்கப்படுகின்றது. பயிற்சி மோதலுக்குக் கட்டாய வரம்பு, ஓய்வின் பின்னரும் தொடரும் மருத்துவப் பராமரிப்பு, ஆட்டங்களின் எண்ணிக்கையை முடிவுசெய்வதில் வீரர் சங்கத்திற்கு வாக்கு ஆகிய மூன்றும் சலுகைகளல்ல. எந்தத் தொழிலாளியும் கேட்கத்தக்க உரிமைகள் அவை. அவற்றை வழங்காத நிருவாகம் வீரனைப் பார்த்து “நீ விரும்பித்தானே வந்தாய்” என்று கூறும் தகுதியற்றது.