காசோடு ஊர்ப் பெயரையும் எழுதி வையுங்கள்

1964இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘லூசி ஷோ’ நகைச்சுவைத் தொடரில், லூசில் போல் நடித்த லூசிக்கு நாணயம் சேர்க்கும் ஆசை வருகிறது. அரிய பென்னி ஒன்றைத் தேடிப் பிடிக்கிறார். அது தெருவோர வடிகாலுக்குள் விழுந்துவிடுகிறது. அந்தக் கதையின் சிரிப்பெல்லாம் பென்னியின் விலையைச் சுற்றியே வருகிறது. கொழும்பில் பம்பலப்பிட்டித் தொடர்மாடி வீடுகளிலும் பழைய காசைக் கண்டதும் எழுகிற முதல் கேள்வி, “இது இப்ப எவ்வளவுக்குப் போகும்?” என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: இது எங்கே கிடைத்தது?

இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில் தகரப் பேணிக்குள் குற்றிக்காசு இருக்கும். விக்டோரியா மகாராணி காலத்துச் செப்புச் சதம், சதுர ஐந்து சதம், ஓரம் நெளிந்த பத்துச் சதம், 1957இல் புத்த ஜயந்திக்காக வந்த வெள்ளி ஐந்து ரூபாய். 1872இல் இலங்கை, ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்குக்கு மாறியது. அதற்கென 1870ஆம் ஆண்டு பொறித்து அடித்த சதத்தில், பனையின மரம் ஒன்றின் ஒரு பக்கம் சிங்களமும் மறுபக்கம் தமிழும் இருக்கின்றன. ஒரு சதத்தை வைத்தே பிள்ளைக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுக்கலாம்.

கிடைத்த இடம் ஏன் முக்கியம் என்பதற்குச் சேதுக் காசைவிட நல்ல சான்று இல்லை. ஒரு பக்கம் நின்ற கோலத்தில் மன்னர். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழ் ‘சேது’ என்ற தமிழ் எழுத்து. எழுத்தைப் பார்த்து, இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசு என்று முன்னர் எண்ணினார்கள். ஆனால் நின்ற மன்னர் உருவம் இலங்கைக் காசுகளின் மரபு. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளோடு தொடர்புடைய கோட்டகமத் தமிழ்க் கல்வெட்டும் ‘சேது’ என்றே தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் இக்காசுகள் தொகையாகக் கிடைத்தன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோதுதான், இவை அந்த ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகள் என்பது தெளிவானது. எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலும், முதலியார் செ. இராசநாயகத்தின் ‘பண்டைய யாழ்ப்பாணம்’ நூலும் இந்த ஆய்வில் முக்கியமானவை. காசைக் கண்டெடுத்தவர் அதை உருக்கத் தட்டாரிடம் கொடுத்திருந்தால், அல்லது எங்கே எடுத்தார் என்பது மறந்துபோயிருந்தால், யாழ்ப்பாண அரசின் கையெழுத்தே நம் கையைவிட்டுப் போயிருக்கும்.

ஆகவே சேர்ப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். புளியோ சாம்பலோ பிராசோவோ போட்டுத் தேய்க்காதீர்கள்; மேலே படிந்த பச்சையோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் கடதாசி உறையில் போடுங்கள். அதன் மேல் யாருடையது, எந்த ஊரில், எப்போது கிடைத்தது என்று பென்சிலால் எழுதுங்கள். கிணறு வெட்டும்போதோ தோட்டம் கொத்தும்போதோ பழங்காசு வெளிவந்தால் கடைக்காரரிடம் கொண்டு ஓட வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி அதை அறிவிக்க வேண்டியது நம் கடமை.

பார்த்துப் பழக வேண்டுமா? பம்பலப்பிட்டியில் இருந்து முச்சக்கர வண்டி ஏறினால் சற்று நேரத்தில் 1877இல் திறந்த கொழும்புத் தேசிய நூதனசாலைக்குப் போய்விடலாம். கோட்டையில் சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே கூட்டிச் செல்லுங்கள்.

போரில் நாங்கள் இழந்த வீடுகளோடு எத்தனையோ சேகரிப்புகளும் போயின. மிஞ்சியவற்றின் கதை தெரிந்த அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். பேணியைத் திறந்து அவர்கள் முன்னால் வையுங்கள். அவர்கள் சொல்வதை எழுதுங்கள். விலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.