பங்கின் மதிலுக்குள் சட்டம் நுழையாதா?

கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் கொட்டியூரில் பங்குத்தந்தையாகவும் பள்ளி மேலாளராகவும் ஒருங்கே இருந்த ஒருவர், அப்பள்ளியில் பயின்ற சிறுமியைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார். 2017 பிப்ரவரியில் அச்சிறுமி குழந்தை பெற்றாள். பழியைத் தன் தலையில் ஏற்க முதலில் முன்வந்தவர் யார்? அவளைப் பெற்ற தந்தையே! ஒரு தகப்பனை அந்த இழிவுக்குச் சம்மதிக்க வைக்கும் அதிகாரம் எத்தகையது என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குக் கத்தி தேவைப்படவில்லை. பள்ளி, மருத்துவமனை, அநாதை இல்லம், கல்லறைத் தோட்டம் யாவும் ஒரே கையில் இருந்தால் போதும்.

குற்றவாளி கனடாவுக்குப் பறக்கும் முயற்சியில் இருந்தபோது பிடிபட்டார். வயநாடு குழந்தைகள் நலக் குழுவின் தலைவர் நாற்காலியில் அப்போது அமர்ந்திருந்தவரும் ஒரு பாதிரியாரே. மறைமாவட்டத்தின் செய்தித் தொடர்பாளரும் அவரே. மாநில அரசு அவரை நீக்கியது. மறைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அவரும் பிறரும் பின்னர் விடுவிக்கப்பட்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும், புகாரைக் கேட்கும் இடத்தில் சபையின் ஆளையே அமர்த்திய ஏற்பாடு குறித்த கேள்வி எந்த விடுதலைத் தீர்ப்பாலும் தீர்ந்துவிடாது.

வழக்கு நடந்தபோது சிறுமியும் தாயும் பிறழ்சாட்சிகளாயினர். மரபணுச் சோதனையும் பிறப்பு ஆவணமும் இல்லாதிருந்தால் நீதி அங்கேயே புதைந்திருக்கும். 2019 பிப்ரவரியில் தலைச்சேரி போக்சோ நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை விதித்தது. 2021-இல் உயர்நீதிமன்றம் அதைப் பத்தாகக் குறைத்தது. அதே ஆண்டில், பாதிக்கப்பட்டவளையே மணந்துகொள்ள ஜாமீன் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் வரை சென்றார்கள். நல்லவேளை, கதவு திறக்கவில்லை.

"இது சபையின் உள்விவகாரம்" என்போருக்கு ஒரே பதில்: 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அதன் 19-ஆவது பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தம் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. ஆயரிடம் சொல்லிவிட்டேன் என்பது இக்கடமையை நிறைவேற்றியதாகாது.

இன்னொரு குரல் நம் அணிகளுக்குள்ளேயே கேட்கிறது. தேவாலயங்கள் தாக்கப்படும் காலத்தில் இதைப் பேசினால் சங்பரிவாரத்துக்குத் தீனி போட்டதாகாதா? ஆகாது. கத்துவாவில் எட்டு வயதுச் சிறுமியைக் கொன்ற வழக்கின் குற்றவாளிகளுக்காக நடந்த பேரணியில் தன் அமைச்சர்கள் இருவரைக் கண்ட கட்சி பாஜக; குழந்தைகளின் பெயரால் பேச அதற்கு என்ன தகுதி? கந்தமாலில் 2008-இல் வீடிழந்து காட்டுக்குள் ஓடிய கிறிஸ்தவ ஏழையின் பக்கம் நிற்பது நமது நிலைபாடு. அந்த ஏழையின் மகள்தான் பங்கு வீட்டில் வேலைக்கும் விடுதியில் படிப்புக்கும் போகிறாள். சிறுபான்மை என்றால் ஆயர் மாளிகை மட்டுமா?

தேர்தல் நெருங்கினால் அம்மாளிகையின் வரவேற்பறையில் காத்திருக்கும் பழக்கம் நம்மவர்க்கும் உண்டு என்பதை மறைப்பானேன்? அடுத்த முறை செல்லும் தோழர்கள் கையோடு சில கேள்விகளையும் எடுத்துச் செல்லட்டும். விடுதிகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் 1098 என்ற எண் எழுதப்பட்டிருக்கிறதா? புகார்க் குழுவில் சபைக்குக் கட்டுப்படாத ஒரு பெண்ணாவது இருக்கிறாரா? புகாருக்குள்ளானவர் விசாரணை முடியும்வரை குழந்தைகளிடமிருந்து விலக்கி வைக்கப்படுகிறாரா, அல்லது அடுத்த பங்குக்கு மாற்றப்படுகிறாரா?