கரடி பொம்மையின் காது எங்கே போச்சு?

டம்ளரையும் பால் புட்டியையும் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் எங்க வகுப்பில் சிரிச்சாங்க. பரவாயில்லை, முழுசாப் படிச்சுட்டுச் சிரிங்க.

நம்ம வாலாஜாபாத்தில் விடிஞ்சா போதும், ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் வரிசையாப் போகுது. எங்க அக்காவும் அதில்தான் போறாங்க. போன் பாகம் செய்யும் கம்பெனியில் அவங்களுக்கு டெஸ்டிங் வேலை. போன், கம்ப்யூட்டர் போன்ற பொருள்களில் காரீயம் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் 2006-லிருந்து சட்டம் இருக்கிறது. நம்ம நாட்டிலும் அதே அளவுதான். நல்ல விஷயம். போனை யாரும் வாயில் வைத்துச் சப்புவதில்லை, அதற்கே இவ்வளவு கவனம்!

ஆனால் அக்கா குழந்தைக்குப் பஜாரில் வாங்கின கண்ணாடிப் புட்டியில் மஞ்சளும் சிவப்புமா ஒரு கரடி பொம்மை இருந்தது. பத்து நாள் வெந்நீரில் போட்டு எடுத்ததும் கரடிக்கு ஒரு காதைக் காணோம். வெந்நீரோடு போச்சா, குழந்தை கையில் ஒட்டி வாய்க்குப் போச்சா? கடைக்காரரிடம் கேட்டால், "சாயம் வெளியேதானேம்மா, பால் உள்ளேதானே" என்கிறார். குழந்தைக்கு உள்ளே வெளியே தெரியுமா? எல்லாத்தையும் நக்கும்.

சாதாரணக் கண்ணாடி மணல், சோடா, சுண்ணாம்பு சேர்த்து உருக்குவது. அதற்குக் காரீயம் தேவையில்லை. (பளபளன்னு வெட்டுப் போட்ட கிரிஸ்டல் கண்ணாடியில் சேர்ப்பது உண்டு. அது நம்ம வீட்டில் ஏது!) பயமெல்லாம் மேலே போடும் சாயத்தில்தான். பளிச்சென்ற மஞ்சள், சிவப்புக்குக் காரீயமும் காட்மியமும் கலந்த சாயங்கள் உண்டு. அமெரிக்காவில் 2010 ஜூன் மாதம் மெக்டொனால்ட்ஸ் கம்பெனி, 'ஷ்ரெக்' சினிமா பொம்மை போட்ட சுமார் 1 கோடியே 20 லட்சம் கண்ணாடி டம்ளர்களைத் திரும்பப் பெற்றது. பொம்மைச் சாயத்தில் காட்மியம் இருந்ததுதான் காரணம்.

ஈயம் என்றதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஞாபகம் வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். நாம் பயப்பட வேண்டியது காரீயத்துக்கு. வாசனையும் கிடையாது, உடனே காய்ச்சலும் வராது. மெதுவாகக் குழந்தையின் மூளையைக் கெடுக்கும், படிப்பு ஏறாது. பெரியவங்களை விடச் சின்னக் குழந்தைகளின் உடம்பு அதை நாலைந்து மடங்கு அதிகம் இழுத்துக்கொள்ளும் என்றும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரும்புச்சத்து குறைந்த உடம்பில் இன்னும் அதிகம் ஏறும். பள்ளிக்கூடத்தில் மாத்திரை கொடுத்தால் ஜன்னல் வழியா வீசுறவங்க இதைக் கவனிக்கவும்.

யூனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் காரீயம் அதிகமாக இருக்கிறது. இந்தியாவில் மட்டும் சுமார் 27 கோடிக்கு மேல்.

ஈயம் பூசாத பித்தளையில் புளி கரைக்க எங்க ஆயா விட மாட்டாங்க. புளிப்பு பாத்திரத்தைக் கரைக்கும் என்பாங்க. ஆய்வுக்கூடத்திலும் இதே வேலைதான்! நூற்றுக்கு நான்கு பங்கு அசிட்டிக் அமிலம் உள்ள தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, 22 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு உலோகம் கரைந்தது என்று கருவியில் அளக்கிறார்கள். ஊற வைப்பது நம்மாலும் முடியும், அளக்கத்தான் முடியாது.

"பார்த்து வாங்குங்க" என்று தாய்மார்களுக்கு எல்லாரும் சொல்றாங்க. கண்ணால் பார்த்தால் தெரியாத விஷத்தை எப்படிப் பார்த்து வாங்குவது? 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி முத்திரை இல்லாத பால் புட்டியை விற்கவே கூடாது. நாங்க வாங்கின அட்டையில் முத்திரை இல்லை. கடையில் அது தாராளமாத் தொங்குது. ஆக, தப்பு அம்மா மேலா, விற்க விட்டவங்க மேலா?

2025-ல் இந்தியாவிலிருந்து போன சில சமையல் பாத்திரங்களில் காரீயம் கசிகிறது என்று அமெரிக்க அரசு எச்சரித்தது. நம்ம நாட்டில் செய்த சட்டியை அவங்க பிள்ளைகளுக்காக அவங்க சோதிக்கிறாங்க. அதே மாதிரிச் சட்டியில் இங்கே தினமும் குழம்பு கொதிக்குது.

பாலிலும் எண்ணெயிலும் கலப்படம் பார்க்க உணவுப் பாதுகாப்புத் துறைக்கு நடமாடும் வண்டி இருக்கிறது. அந்த வண்டி நம்ம ஒன்றியத்துக்கு வரும்போது புட்டி, டம்ளர், சட்டியையும் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவை ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பதே என் கருத்து.

எங்க ஊர் கிராம சபையில் வரும் அக்டோபர் 2 அன்று எங்க அம்மா இதை மனுவாகக் கொடுக்கப் போறாங்க. உங்க ஊரிலும் கொடுக்க நினைப்பவர்களுக்காக மனுவை இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், பார்த்து எழுதிக்கொள்ளலாம். கிழித்துக்கொண்டு போகாதீங்க, ஒரே பிரதிதான் இருக்கு.

அக்கா குழந்தைக்கு இப்போது நர்ஸம்மா சொன்னபடி பாலாடையில்தான் பால்.

– 9-ஆம் வகுப்பு மாணவி